சினந்து சென்றவர்: யூனுஸ் நபி வரலாற்றில் ஒரு சொல்லும் அதன் விரிவுரைகளும்

நபி யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு நம் மேடைகளில் பெரும்பாலும் மீனின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. மீனின் பருமன், அதன் வயிற்றில் அவர்கள் தங்கிய நாள்களின் எண்ணிக்கை, கடலடியில் கேட்ட தஸ்பீஹ் ஒலி ஆகியவற்றிலேயே பயானின் பெரும்பகுதி கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தை அவர்கள் ஓதிய துஆவின் சிறப்பு எடுத்துக்கொள்ளும். அவர்கள் ஏன் கப்பலேறினார்கள், யார்மீது சினந்து புறப்பட்டார்கள் என்னும் வினா ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோகும். முஃபஸ்ஸிர்களை நூற்றாண்டுக் கணக்கில் சிந்திக்க வைத்ததோ அந்த வினாதான். ‘முகாளிபன்’ என்னும் ஒரே சொல்லில் அது அடங்கியிருக்கிறது. அச்சொல்லுக்கு நம் பேரறிஞர்கள் எழுதிய விரிவுரைகளை ஒப்புநோக்கி, அவற்றுள் எது நிற்கத்தக்கது, எதனை விலக்கலாம், அதனால் நமக்கு ஆவது என்ன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குர்ஆன் இவ்வரலாற்றை ஓரிடத்தில் தொகுத்துச் சொல்லவில்லை. அன்னிஸா, அல்அன்ஆம் ஆகிய இரு அத்தியாயங்களிலும் நபிமார்களின் வரிசையில் அவர்களது திருப்பெயர் மட்டும் இடம்பெறுகிறது. நிகழ்ச்சியைத் தொட்டுப் பேசும் இடங்கள் நான்கு. அல்கலம் அத்தியாயம் (68:48–50) பெருமானார் (ஸல்) அவர்களை விளித்து, இறைவனின் தீர்ப்பை எதிர்நோக்கிப் பொறுத்திருக்குமாறும் மீனுக்குரியவரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. அஸ்ஸாஃப்ஃபாத் அத்தியாயம் (37:139–148) கப்பல், சீட்டுக்குலுக்கல், மீன், வெற்றுக் கரை, யக்தீன் செடி, ஒரு லட்சம் பேருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்குத் தூதராக அனுப்பப்படுதல், அம்மக்கள் ஈமான் கொள்ளுதல் என வரிசைப்படுத்துகிறது. அல்அன்பியா அத்தியாயம் (21:87–88) சினத்தையும் இருள்களினூடே எழுந்த துஆவையும் கூறுகிறது. யூனுஸ் அத்தியாயமோ (10:98) ஒரே வசனத்தில் அந்தச் சமுதாயத்தின் ஈமான் ஏற்கப்பட்டு வேதனை நீக்கப்பட்டதைக் கூறி அமைகிறது.

இந்நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கு, சொல்லப்பட்டவை போலவே சொல்லாமல் விடப்பட்டவையும் புலப்படும். சினத்தின் காரணம் சொல்லப்படவில்லை. அம்மக்களின் தவ்பா நிகழ்ந்தது கப்பல் பயணத்துக்கு முன்பா பின்பா என்பது சொல்லப்படவில்லை. தம் சமுதாயம் மன்னிக்கப்பட்டதை அறிந்தபோது நபியவர்களின் உள்ளம் எப்படியிருந்தது என்பதும் சொல்லப்படவில்லை. விரிவுரையாளர்கள் இந்த இடைவெளிகளில்தான் வேறுபடுகின்றனர்.

முதலில் சொற்களைக் காண்போம். கப்பலை நோக்கிச் சென்றதைக் குறிக்க வந்த வினை ‘அபக’. எசமானிடமிருந்து தப்பியோடும் அடிமைக்கு அரபியர் வழங்கும் சொல் அது. ஒரு நபியின் செயலுக்கு இத்துணைக் கடுமையான சொல்லைக் குர்ஆன் ஆள்வதை எவரும் மறைக்க இயலாது. அடுத்தது ‘முகாளிபன்’. ‘களப்’ என்னும் சினம் ‘முஃபாஅலா’ வாய்பாட்டில் வந்த இஸ்மு ஃபாயில் இது. தொடரில் ‘ஹால்’ ஆக நிற்கிறது. இவ்வாய்பாடு பெரும்பாலும் இரு தரப்பினரை வேண்டி நிற்கும். எதிர்த்தரப்பு யார் என்பதை மட்டும் வசனம் கூறவில்லை. செயப்படுபொருள் தொக்கி நிற்கிறது. மூன்றாவது ‘நக்திர’. ‘ஆற்றல் பெறுதல்’ என்று இதற்குப் பொருள் கொண்டால், அல்லாஹ் தம்மீது ஆற்றல் பெறமாட்டான் என ஒரு நபி எண்ணினார் என்றாகிவிடும். ஸமக்ஷரீ (இறப்பு ஹிஜ்ரி 538 / கி.பி. 1144) தம் கஷ்ஷாஃபில் எடுத்துக்காட்டும் ஒரு செய்தியில், முஆவியா (ரலி) அவர்கள் இந்த ஐயத்தோடே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அணுகுகிறார்கள். இச்சொல் ‘குத்ரத்’தின் வழி வந்ததன்று, ‘கத்ர்’ என்னும் நெருக்குதலின் வழி வந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) தெளிவுபடுத்துகிறார்கள். வாழ்வாதாரம் நெருக்கப்படுவதைக் கூறும் 65:7, 89:16 ஆகிய வசனங்களில் இதே வேர் இதே பொருளில் வருவது அதற்குச் சான்று. ஆகவே, இப்புறப்பாட்டுக்காக இறைவன் தம்மை நெருக்கடிக்கு உள்ளாக்கமாட்டான் என்று அவர்கள் எண்ணினார்கள் என்பதே பொருள். பணி முடிந்துவிட்டது, இனிச் செல்வது தம் உரிமை என்று கருதினார்கள் போலும்.

இனி, சினம் யார்மீது? தபரீ (இறப்பு ஹிஜ்ரி 310 / கி.பி. 923) இரு கருத்துகளையும் பதிவு செய்கிறார். தம் சமுதாயத்தின்மீது என்பது ஒன்று. தம் இறைவனோடு என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்தின்படி, மூன்று நாளில் வேதனை வரும் என்று அவர்கள் எச்சரித்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள், மக்கள் தவ்பாச் செய்தனர், வேதனை நீங்கிற்று, இனிப் பொய்யர் எனப்படுவோமே என்று நாணி அவர்கள் திரும்பாமல் சென்றார்கள். ஒரு நபிக்கு இது பொருந்துமா என்ற தயக்கமே பலரை முதற்கருத்தின் பக்கம் சாய்த்தது என்பதையும் தபரீ கவனிக்கிறார். வசனத்தின் அமைப்புக்கு நெருக்கமானது இரண்டாவதே என்ற முடிவையும் அவர் கூசாமல் சொல்கிறார்.

ஸமக்ஷரீ இலக்கண வழியே ஒரு தீர்வு காண்கிறார். நபியவர்கள் பிரிந்து சென்றதால், வேதனை வந்துவிடுமோ என்று அஞ்சிய மக்கள் சினமுற்றனர்; ஆகவே ‘முகாளபா’ என்பது மக்களைச் சினமூட்டிய செயல் என்கிறார். வாய்பாட்டுக்கு இது பொருந்துகிறது. ஆனால் ‘அபக’ என்னும் வினையின் கடுமையையும் ‘முலீம்’ என்னும் பழிப்புச் சொல்லையும் இது விளக்கவில்லை. இமாம் ராஸீ (இறப்பு ஹிஜ்ரி 606) இறைவனோடு சினத்தல் என்னும் கருத்தை வன்மையாக மறுக்கிறார். ஏவவும் விலக்கவும் உரியவன் அல்லாஹ் என்பதை அறியாதவனே அவனோடு சினப்பான். அத்தகையவன் மூமினாகவே இருக்க முடியாது எனும்போது நபியாக இருப்பது எங்ஙனம் என்பது அவர் வாதம். நபிமார்களின் இஸ்மத்தைக் காக்கும் அக்கறை அதில் தெளிவு. ஆனால் சினம் என்பதை அகீதாவின் மறுப்பாகவே கொண்டால்தான் இவ்வாதம் நிற்கும். அறிவு ஏற்றுக்கொண்டதை நெஞ்சம் உடனே ஏற்காமல் கனன்று நிற்பதும் மனித இயல்பு. அத்தகைய நெருக்கமான நேரத்தைத்தான் இவ்வசனம் பேசுகிறதோ என்ற வாயிலை ராஸீ திறக்கவில்லை.

இங்கே முந்தைய வேதத்தாரின் நூலையும் நோக்க வேண்டும். எபிரேயரின் யோனா ஆகமம் நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல். யூதர்கள் தம் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூரின் பிற்பகல் வழிபாட்டில் இன்றும் அதனை வாசிக்கின்றனர். அதில் சினத்தின் காரணம் ஒளிவுமறைவின்றி வருகிறது. நினிவே மக்கள் மன்னிக்கப்பட்டதே யோனாவுக்குப் பொறுக்கவில்லை; நீ இரக்கமுள்ளவன் என்று அறிந்ததனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்று அவர் இறைவனிடமே சொல்கிறார். நிழல் தந்த செடியைப் புழு அரித்துவிட, வெயிலில் வாடிச் சாவை வேண்டுகிறார். ஒரு செடிக்காக வருந்தும் உனக்கு, 1,20,000 பேரும் அவர்களின் கால்நடைகளும் பொருட்டில்லையா என்ற வினாவோடு நூல் முடிகிறது. யோனா மறுமொழி சொன்னாரா என்பது தெரியாது.

நம் தஃப்ஸீர்களிலும் இதன் எதிரொலி உண்டு. செடி காய்ந்தபோது யூனுஸ் (அலை) அழுததாகவும், ஒரு மரத்துக்கு அழுகிறீர், அழிந்துபோகட்டும் என்று விட்ட ஒரு லட்சம் பேருக்கு அழவில்லையே என்று வஹீ வந்ததாகவும் ஒரு செய்தியை ஸஅலபீயின் அராயிஸ் போன்ற நபிமார் வரலாற்று நூல்களில் காணலாம். இத்தகைய இஸ்ராயீலிய்யாத்தை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்ப்பிக்கவும் வேண்டாம் என்பது நம் அறிஞர்களின் நடுநிலை. ஆகவே மன்னிப்பைக் கண்டு யூனுஸ் நபி மனங்கசந்தார்கள் என்பதை நடந்த செய்தியாக மேடையில் உரைப்பது முறையன்று. குர்ஆன் வாய்திறவாத இடத்தில் ஒரு நபியின்மீது குற்றம் சாட்ட நமக்கு உரிமையில்லை. யூனுஸ் இப்னு மத்தாவைவிட நான் சிறந்தவன் என்று எவரும் சொல்லலாகாது என்னும் பொருளில் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் நபிமொழி, இவ்வரலாற்றைப் படிப்போர் அனைவருக்கும் வாயிற்காவலாக நிற்கிறது.

ஆயினும், காரணத்தைச் சொல்லாமல் விட்ட குர்ஆன், அதன் படிப்பினையைச் சொல்லாமல் விடவில்லை. யோனா ஆகமத்தின் செடியையும் குர்ஆனின் யக்தீனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். அங்கே செடி வாதத்துக்கான கருவி, கொடுத்துப் பறிக்கப்படுகிறது. இங்கே அது நோயுற்றுக் கரையொதுங்கிய அடியாருக்கு அளிக்கப்பட்ட நிழல். அது வாடியதாகக் குர்ஆன் கூறவில்லை. அங்கே செடிக்கு முன்பே மக்கள் மன்னிக்கப்பட்டுவிட்டனர். இங்கே மீனிலிருந்து விடுதலை, கரை, செடி ஆகிய அருள்கள் யாவும் முதலில் நபிக்குக் கிடைக்கின்றன. அதன் பின்னரே ஒரு லட்சம் பேரிடம் அனுப்பப்பட்ட செய்தி வருகிறது. இவ்வனுப்புதல் முதல் தூதா, மீண்டும் அனுப்பப்பட்டதா என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே இரு கருத்துண்டு. முன்பு எவரிடம் அனுப்பப்பட்டார்களோ அவர்களிடமே திரும்பிச் செல்லப் பணிக்கப்பட்டார்கள் என்று கொள்ளத் தடையில்லை என்கிறார் இப்னு கஸீர். எப்படியாயினும் சொல்லப்பட்ட வரிசை கருதத்தக்கது. ரஹ்மத்தால் உயிர் மீண்டவரே ரஹ்மத்தின் தூதராக அனுப்பப்படுகிறார். இறைவனின் அருட்கொடை எட்டியிராவிட்டால் அவர் பழிக்கப்பட்டவராக வெட்டவெளியில் எறியப்பட்டிருப்பார் என்று அல்கலம் அத்தியாயம் சொல்வதும் இதனையே. தனக்கு வந்த அருளைக் கணக்கில் கொள்பவனுக்கு, பிறருக்கு வந்த அருள் உறுத்தாது.

அந்த துஆவின் அமைப்பும் இதற்கு ஒத்ததே. அதில் மூன்று பகுதிகள் உள்ளன: ஏகத்துவம், தஸ்பீஹ், தாம் அநீதி இழைத்தோரில் ஒருவர் என்னும் ஒப்புதல். தம் மக்களைப் பற்றிய ஒரு முறையீடு அதில் இல்லை. தம் பக்கத்து நியாயமும் இல்லை. விடுதலை வேண்டும் என்ற சொல்கூட இல்லை. ‘ளாலிம்’ என்னும் சொல், நபிமார்கள் எச்சரிக்கச் சென்ற சமுதாயங்களுக்குக் குர்ஆன் வழங்கும் சொல். அதனை நபி தமக்கே எடுத்துக்கொண்ட அந்தக் கணத்தில், மன்னிக்கப்படுவோரின் வரிசையில் தாமும் நின்றுவிடுகிறார்கள். இன்னல் தீர வேண்டி இந்த துஆவை ஆயிரக்கணக்கில் ஓதும் நாம், அதன் இறுதிச் சொல்லைக் கல்பில் இறக்குகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

யூனுஸ் அத்தியாயத்தின் அமைப்பு இன்னும் வியப்பூட்டுவது. அந்நபியின் பெயரைத் தாங்கிய அத்தியாயத்தில் அவர்கள் செய்த எச்செயலும் கூறப்படவில்லை. கப்பல் இல்லை, மீன் இல்லை. ‘யூனுஸின் சமுதாயம்’ என்ற தொடரில் மட்டுமே பெயர் வருகிறது. அதுவும் அம்மக்கள் மன்னிக்கப்பட்டதைச் சொல்லும் வசனத்தில். இதற்குச் சற்று முன்னர், 90, 91ஆம் வசனங்களில், மூழ்கும் வேளையில் ஃபிர்அவ்ன் கூறிய ஈமான் தள்ளப்படுகிறது. ஃபிர்அவ்னுக்கு வேதனை வந்தேவிட்டது, இவர்களுக்கோ அறிகுறிகளே தோன்றின என்று சிலர் வேறுபாடு கூறுவர். இது தனிப்பட்ட விதிவிலக்கு என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் மதிக்கத்தக்க விடைகளே. வசனமோ விதிவிலக்கை மட்டும் அறிவித்துவிட்டு, அடுத்த வசனத்தில், மக்கள் மூமின்களாகும்வரை நீர் அவர்களை வற்புறுத்துவீரோ என்று பெருமானாரை வினவுகிறது. யார் ஏற்கப்படுவார், யார் தள்ளப்படுவார் என்னும் கணக்கு அழைப்பாளரின் கையில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

மீனுக்குரியவரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்ற அறிவுரை பெருமானாரின் வாழ்வில் எப்படிக் கனிந்தது என்பதை ஸீரா காட்டுகிறது. கி.பி. 619இல் தாயிஃப் மக்கள் கல்லெறிந்து விரட்டியபோது, திராட்சைத் தோட்டத்தில் பழத்தட்டோடு வந்த அத்தாஸ் என்னும் அடிமை நீனவாவைச் சேர்ந்தவர். அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் பெருமானார் யூனுஸ் நபியைத் தம் சகோதரர் என்று குறிப்பிட்டதாக இப்னு இஸ்ஹாக் வழி வரும் வரலாறு கூறுகிறது. தாயிஃபிலிருந்து திரும்பும் வழியில் மலைகளுக்குரிய வானவர் வந்து, இரு மலைகளையும் இம்மக்கள்மீது கவிழ்க்கவா என்று கேட்டதும், அவர்களின் சந்ததியில் அல்லாஹ்வை வணங்குவோர் தோன்றக்கூடும் என்று பெருமானார் மறுத்ததும் புகாரீ, முஸ்லிமில் உள்ளவை. தூதரின் எச்சரிக்கை உடனே மெய்ப்பட வேண்டும் என்னும் அவசரம் அங்கே துளியும் இல்லை.

உஹதுக்குப் பின் நடந்தது இன்னும் நுட்பமானது. ஸஃப்வான் இப்னு உமய்யா, ஸுஹைல் இப்னு அம்ரு, ஹாரிஸ் இப்னு ஹிஷாம் ஆகிய மூவருக்கு எதிராகப் பெருமானார் துஆச் செய்துவந்தபோது, இக்காரியத்தில் உமக்கு எவ்வுரிமையும் இல்லை என்னும் பொருள்பட 3:128ஆம் வசனம் இறங்கியதாக புகாரீ பதிவு செய்கிறார்கள். அம்மூவரும் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினர். ஸுஹைலும் ஹாரிஸும் ஷாம் நாட்டுக்கு ஜிஹாதில் புறப்பட்டு அங்கேயே உயிர்நீத்தனர். சபிக்கப்பட்ட பெயர்கள் ஸஹாபாக்களின் பட்டியலில் சேர்ந்தன.

பிறர்க்கு வரும் அருள் ஏன் நெஞ்சில் முள்ளாகிறது என்பதை இமாம் கஸ்ஸாலீ (இறப்பு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) இஹ்யாவில் ஆராய்கிறார்கள். தீர்த்துக்கொள்ள வழியற்ற சினம் உள்ளே திரும்பிக் குரோதமாகிறது. குரோதம் பொறாமையை ஈனுகிறது என்பது அவர்களின் வரிசை. பொறாமையின் ஏழு காரணங்களை எண்ணிவந்து, இறுதியில் பகையோ போட்டியோ தொடர்போ எதுவும் இல்லாமலே அல்லாஹ்வின் அடியார் ஒருவர் நன்மை பெற்றதைக் கேட்டுச் சுருங்கும் உள்ளத்தைக் கூறுகிறார்கள். தன் பொருளில் கைச்சுருக்கம் காட்டுபவன் ‘பகீல்’. பிறர் பொருளில் கைச்சுருக்கம் காட்டுபவன் ‘ஷஹீஹ்’ என்று அவர்கள் பிரித்துக் காட்டுவது நினைவில் நிற்கத்தக்கது. அல்லாஹ்வின் கருவூலத்துக்கு நாம் காவலர் அல்லர். அதில் நம் பொருள் எதுவும் செலவாவதில்லை. இருந்தும் நம் கை இறுகுகிறது. இறைவனின் ரஹ்மத்துக் கருவூலங்கள் மனிதர் வசம் இருந்தால் தீர்ந்துவிடும் என்றஞ்சி அடக்கிவைத்துக்கொள்வர் என்று 17:100ஆம் வசனம் சொல்வது இந்த நோயைத்தான். இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று ஆணையிட்டவரின் நல்லமல் அழிந்து, எவரைப் பற்றி ஆணையிட்டாரோ அவர் மன்னிக்கப்பட்டதாக முஸ்லிமில் ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அதன் விளைவைக் கூறுகிறது. அந்த மனிதர் பாவத்தை வெறுத்ததில் தவறில்லை. தீர்ப்பைத் தன் வாயில் எடுத்துக்கொண்டதே அவரை அழித்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. அநீதி இழைக்கப்பட்டவனிடம் போய், உனக்குத் தீங்கு செய்தவனை அல்லாஹ் மன்னித்துவிட்டான், நீ சிரித்த முகத்தோடு இரு என்று சொல்வது எளிது. ஆனால் அடியார்களின் உரிமை தொடர்பான பாவங்களில், பறித்ததைத் திருப்பித் தராமல் அல்லது உரியவரின் பொருத்தத்தைப் பெறாமல் தவ்பா நிறைவடையாது என்பது ஃபிக்ஹின் முடிவு. பள்ளிவாசல் பஞ்சாயத்துகளில், ‘மன்னித்துவிடுங்கள்’ என்ற சொல்லை வலியவனுக்குச் சாதகமாக எளியவன்மீது சுமத்துவதற்கு இவ்வரலாற்றைக் கருவியாக்குவது பெரும் தவறு. இதில் வழிகாட்டும் நிகழ்ச்சி வஹ்ஷீ (ரலி) அவர்களுடையது. ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்ற அவர் இஸ்லாத்தை ஏற்று வந்தபோது பெருமானார் அதனை ஏற்றார்கள், பழிவாங்கவில்லை, உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டதாக புகாரீயில் வருகிறது. அந்த ஒரு வேண்டுகோளில் இரண்டு உண்மைகள் சேர்ந்து நிற்கின்றன. அல்லாஹ்வின் கதவை அவர்கள் மறிக்கவில்லை. சிறிய தந்தையை இழந்த வேதனையை இல்லையென்று காட்டிக்கொள்ளவும் இல்லை. குரோதத்தை விடுதல் என்பது நோவு மறைவதன்று. அந்த நோவைக் கொண்டு பிறனுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடையே சுவர் எழுப்பாதிருத்தல்.

நீனவா இருந்த இடம் இன்றைய மோசுல் நகரம். பண்டைய நகரின் மேட்டில் நின்ற நபி யூனுஸ் பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். கூட்டத்தார் வெடிவைத்துத் தகர்த்தனர். அதே மாதத்தில் அந்நகரின் கிறிஸ்தவர்களை அவர்கள் துரத்தினர். அப்பகுதியின் சுரியானித் திருச்சபையினர், நீனவா மக்களின் தவ்பாவை நினைந்து ஆண்டுதோறும் மூன்று நாள் நோன்பிருக்கும் வழக்கமுடையோர். மன்னிக்கப்பட்ட ஊரின் நினைவை நோன்பாகப் போற்றியவர்கள் அவ்வூரிலிருந்தே விரட்டப்பட்டனர். அவ்வூருக்கு அனுப்பப்பட்ட நபியின் பெயர் தாங்கிய பள்ளியும் மிஞ்சவில்லை. அல்லாஹ்வின் ரஹ்மத்துக்கு எல்லை வரையும் மனப்போக்கு ஆயுதம் பெற்றால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அத்தகைய கொடுமை நம்மிடையே இல்லையென்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதன் சிறு வித்து எங்கும் கிடக்கிறது. நேற்றுவரை வட்டியில் புழங்கியவர் இன்று முதல் ஸஃப்பில் நிற்பதைக் கண்டு முகம் சுளிப்பதும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரின் துஆ ஏற்கப்பட்டதைக் கேட்டு, பரம்பரையாகத் தொழும் எமக்கு ஏன் இல்லை என்று உள்ளுக்குள் கணக்குப் பார்ப்பதும் அவ்வித்தின் முளைகளே. அன்ஸாரிகளுக்கும் முஹாஜிர்களுக்கும் பின்வந்தோரின் துஆவாக 59:10ஆம் வசனம் கற்பிப்பது, மூமின்கள்மீது எம் உள்ளங்களில் ‘கில்’ என்னும் குரோதத்தை ஆக்கிவிடாதே என்பதை. சுவர்க்கவாசிகளின் நெஞ்சங்களிலிருந்தும் அதே ‘கில்’ களையப்படும் என்று 7:43, 15:47 வசனங்கள் கூறுகின்றன. அங்கே நமக்கு முன்னே யார் யார் அமர்ந்திருப்பார்கள் என்பது நம் தேர்வில் இல்லை. அவர்களைக் கண்டு மகிழும் நெஞ்சத்தை இங்கேயே கேட்டுப் பெறுவது நல்லது.